சாய்கோடு சொல்லும் வளைவு

ரெக்கார்டர் என்றதும் டேப் ரெக்கார்டரை நினைக்க வேண்டாம்! இது நேராகப் பிடித்து ஊதும் ஐரோப்பியக் குழல். இக்குழல் மனிதக் குரலைப் பின்பற்ற வேண்டும் என்று வெனிஸ் நகரத்துக் கனாசி 1535-இல் தம் நூலில் எழுதினார். குரலோ வளையும், வழுக்கும். ஐந்து கோட்டு இசைத்தாள் ஸ்வரம் நிற்கும் இடத்தைத்தான் காட்டும். போகும் வழியைக் காட்டாது. அந்த அசைவுகளை ஆசிரியர்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பாரிஸ் நகரத்து ஓத்தேத்தேர் 1707-இல் வெளியிட்ட நூலில், துளை விளிம்பை விரலால் தொட்டுச் சுருதியை அசைக்கும் முறையை விளக்கினார். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரெக்கார்டர் வழக்கொழிந்தது. குரு-சிஷ்ய வரிசையும் அறுந்தது. இருபதாம் நூற்றாண்டில் குழலுக்கு மறுவாழ்வு வந்தபோது, இத்தகைய நூல்களைப் பார்த்துத்தான் பழைய அசைவுகளைக் கற்றார்கள்.

இன்று வழுக்கலுக்கு இரு ஸ்வரங்களின் நடுவே கோடு போடுகிறார்கள். வாசிப்பவர் விரலை மெல்ல விலக்குவார். சிறு வளைவுக்கு மூச்சைக் கூட்டிக் குறைப்பார்.

நம் சுப்பராம தீட்சிதரும் 1904-இல் எட்டயபுரத்தில் வெளியான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் ஜாருவுக்குச் சாய்கோடுதான் போட்டார். வெளியூரில் பாட்டு கற்கும் நம் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் வெறும் ஸ்வரம் மட்டும் இருந்தால் போதாது. கமகக் குறிகளையும் ஆசிரியரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.