ஏரியும் இறையும்

நீர்வளம் சுருங்கிய நாட்டில் அரசு வரியைக் கூட்டுதல் வேண்டுமா, குறைத்தல் வேண்டுமா என்னும் வினா இன்று புதிதாக எழுந்ததன்று. பண்டை நூலும் கல்வெட்டும் இதற்கு இருவகை விடை தருகின்றன. அவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

முதலாவது, வரிநீக்கம். கௌடிலியரின் அர்த்தசாத்திரம், ஏரியும் அணையும் புதிதாக அமைப்பார்க்கு 5 ஆண்டும், பாழ்பட்டவற்றைப் புதுப்பிப்பார்க்கு 4 ஆண்டும், புதர் மண்டியவற்றைத் திருத்துவார்க்கு 3 ஆண்டும் வரிவிலக்கு அளிக்கின்றது. அக்காலம் கழிந்தபின் அந்நிலம் இறை தரும். ஆகவே அரசு இழப்பது சில்லாண்டு வருவாயே. பெறுவதோ நிலைத்த விளைவு. அந்நூலே, நீர் இறைக்கும் முறைக்கேற்ப விளைவில் ஐந்திலொன்று முதல் மூன்றிலொன்று வரை நீர்ப்பங்கும் விதிக்கின்றது. நீரைப் பெருக்குவார்க்குச் சலுகை, நீரைத் துய்ப்பார்க்குக் கடமை என்பதே இதன் உட்பொருள் எனக் கொள்கிறோம்.

இரண்டாவது, வரியை நீருக்கே திருப்புதல். ஏரிப்பட்டி எனப்பட்ட நிலத்தின் வருவாய் ஏரியைப் பேணுதற்கு உரியதாயிருந்தது. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி. பி. 919, 921), 30 குடும்புகளினின்றும் குடவோலையால் தேர்ந்தோருள் அறுவரை ஏரி வாரியத்திற்கு வகுத்தன. இறைநிலம் உடையோரே பெயர் எழுதப்பெற்றனர். வாரியம் செய்து கணக்குக் காட்டாதார் விலக்கப்பட்டனர். இறை செலுத்துவோரே ஏரியையும் காத்தனர் என்பது இதனாற் பெறப்படும். எனினும், நிலமிலார்க்கு அவ்வவையில் இடமில்லை. ஆதலின் அதனை முழுமையான குடியாட்சி எனப் புனைந்துரைத்தல் பொருந்தாது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இப்பிணைப்பு அறுந்தது. நிலவரி அரசின் கருவூலத்தை அடைந்தது. கரை காக்கும் உழைப்பு ஊரார்மேலேயே நின்றது. 1858-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுழைப்பைக் கட்டாயத்தாற் பெற முயன்றது. 1865-ஆம் ஆண்டுச் சட்டமோ அரசின் பாசனநீருக்குத் தீர்வை விதித்தது. வருவாய் ஊரை விட்டு நீங்கியபின் உழைப்பு மட்டும் ஊரிலே தங்குமோ? குடிமராமத்து நலிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எம் துணிபு.

இன்று தமிழகத்தில் உழவர்க்கு விலையில்லா மின்சாரம் வழங்கப்படுகின்றது. அது விளைவைப் பெருக்கத் துணைநின்றது உண்மையே. ஆயினும் அது நீரை இறைப்பார்க்குரிய சலுகை, நீரைச் சேர்ப்பார்க்குரியதன்று. ஏரியைத் தூர்வாரும் ஊருக்கும், மழைநீரை நிலத்துள் இறக்கும் உழவர்க்கும் வரிச்சலுகை அளித்து, பெருமளவில் நீர் கொள்ளும் ஆலைகளிடம் பெறும் தீர்வையை அந்நீர்நிலைக்கே செலவிடுதல், மேற்கூறிய இருநெறிகளையும் இணைப்பதாகும். வரியின் அளவினும், அது சென்றுசேரும் இடமே நீரின் நிலையை உறுதிசெய்யும் என்பதே இவ்வாய்வால் யாம் கண்ட முடிவு.