எடை ஏறாத வயிறு

1986-ல் என் அக்கா தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். ஏழாம் மாசம் அவளைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனது நான்தான். எனக்கு அப்போது பதினான்கு வயசு. பள்ளிக்கூடம் போகிற புள்ள, அட்டையில் எழுதுவதைப் படித்துச் சொல்வாள் என்று துணைக்கு அனுப்பினார்கள். எடை மிஷினில் ஏறச் சொன்னார்கள். முள் நாற்பதைத் தொடவில்லை. நர்சம்மா போன மாசத்து எழுத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "அரைக் கிலோகூட ஏறல. வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு பட்டினி கெடக்குறியா? உங்க ஜனங்களுக்கு எத்தன தடவ சொன்னாலும் ஏறாது." ஏறாது என்று அவர் சொன்னது எடையையா புத்தியையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அக்கா பதில் பேசவில்லை. முந்தின நாள்வரை நடவில் நின்றவள் அவள்.

வீட்டுக்கு வந்து சொன்னோம். அப்பாயி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அவ கெடக்குறா. வயிறு முட்டத் தின்னா புள்ளைக்கு எடம் ஏது? புள்ள பெருத்துப் போச்சுன்னா யாருடி இழுத்துப் போடுறது? ராத்திரி ரெண்டு மணிக்கு அவளா வருவா?" என்றாள். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளை எடுத்தது அப்பாயியின் கை. ஊருக்குப் பேறு பார்க்கிற மருத்துவச்சி வாய்க்காலைத் தாண்டி எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றால் பண்ணையிடம் போய் வண்டி கேட்டு நிற்கணும். பிள்ளை வெளியே வராமல் செத்துப்போன மூன்று பெண்களின் பேரை அப்பாயி விரல்விட்டுச் சொல்வாள். அதில் ஒருத்தி அவள் கூடப்பிறந்தவள்.

கர்ப்பிணிகள் சோற்றைக் குறைத்துக்கொள்வது சேரி சனங்களின் அறியாமை, மூடநம்பிக்கை என்று சுகாதாரக் கல்விப் பாடங்கள் எழுதின. இந்த 'அறியாமை' எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் தேடப் போனபோது, எங்க அப்பாயியின் பேச்சை ஜெர்மனியில் ஒரு டாக்டர் பேசியிருப்பதைக் கண்டேன். லுட்விக் ப்ரோகோவ்னிக் என்பது அவர் பெயர், ஹாம்பர்க் நகரத்து மகப்பேறு மருத்துவர். 1889-ல் அவர் ஒரு உணவுமுறையை வெளியிட்டார். வெயிலும் சத்தும் இல்லாமல் எலும்பு வளைந்து இடுப்புக் குறுகிப்போன பெண்கள் அன்றைய ஐரோப்பிய நகரங்களில் ஏராளம். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தால் தாயின் உயிருக்கு ஆபத்து அதிகம். அதனால் கடைசி வாரங்களில் மாவுப்பண்டத்தையும் தண்ணீரையும் குறைத்துவிடு, பிள்ளை சிறுத்துப் பிறக்கும், தாய் பிழைப்பாள் என்றார். அப்பாயி சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவர் சொன்னது மருத்துவம் ஆயிற்று, இவள் சொன்னது மூடநம்பிக்கை ஆயிற்று.

அதோடு நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முழுக்க அமெரிக்க மருத்துவர்கள் கர்ப்பிணிகளிடம் எடையைக் கட்டுப்படுத்து, ஏழு முதல் ஒன்பது கிலோவுக்கு மேல் ஏறாதே என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எடை ஏறினால் ரத்தக் கொதிப்பும் ஜன்னியும் வரும் என்பது அவர்கள் வாதம், உடம்பு அழகு கெடும் என்பதும் கூட. சிறுத்த பிள்ளைகள்தான் அதிகம் சாகின்றன என்று கண்டு, 1970-ல் அந்த நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் குழு இந்தக் கட்டுப்பாட்டைத் தவறென்று சொல்லி, சராசரியாகப் பதினொரு கிலோ ஏறலாம் என்றது. 1990-ல்தான் தாயின் உடல்வாகைப் பார்த்து அளவு சொல்ல ஆரம்பித்தார்கள். மெலிந்தவள் பன்னிரண்டரை முதல் பதினெட்டு கிலோ வரை ஏற வேண்டும், பருத்தவள் குறைவாக ஏறினால் போதும் என்று. 2009-ல் அதைத் திருத்தியபோதும் மெலிந்தவளுக்கு அதே அளவுதான். நம் ஊரில் பல ஆண்டுகளாக எல்லோருக்கும் ஒரே பாடம், பத்திலிருந்து பன்னிரண்டு கிலோ. முப்பத்தெட்டு கிலோ கூலிக்காரிக்கும் அதுதான், மாடிவீட்டு அம்மாவுக்கும் அதுதான். மருத்துவமே எண்பது வருஷம் தடுமாறிய விஷயத்தில் தடுமாறியதற்காக எங்க அப்பாயி மட்டும் முட்டாள் ஆனாள்.

அப்பாயி சொன்னது சரி என்று நான் வாதாட வரவில்லை. இரண்டரை கிலோவுக்குக் கீழே பிறக்கிற பிள்ளைக்குச் சாவு பக்கத்தில் நிற்கிறது. எடை ஏற வேண்டும் என்பது உண்மை. ஏறுகிற எடை தாயின் தொந்தி என்று நினைக்கிறவர்களுக்குக் கணக்கைச் சொல்லிவிடலாம். பன்னிரண்டு கிலோ ஏறினால் அதில் பிள்ளை மூன்று கிலோ சொச்சம். நஞ்சும் பனிக்குடத்துத் தண்ணியும் சேர்த்து ஒன்றரை கிலோ. கருப்பை ஒரு கிலோ. கூடுதலாக ஊறுகிற ரத்தம் ஒரு கிலோவுக்கு மேல். அப்புறம் மாரும் உடம்புத் தண்ணியும். மிச்சம் மூன்று கிலோ போலக் கொழுப்பு, அது பால் கொடுக்கிற காலத்துக்கான சேமிப்பு. இதில் எதைக் குறைத்துக்கொள்ள முடியும்? ஆனால் எங்கிருந்து ஏறும் என்பதை நர்சம்மா சொல்லவில்லை. இதற்கு நாளொன்றுக்குக் கூடுதலாக 350 கலோரி வேண்டும் என்கிறார்கள், ஏறக்குறைய நூறு கிராம் அரிசி. நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிறவள் அதைச் சேற்றிலேயே விட்டுவிட்டு வருவாள். 1968-ல் கூலி நெல்லைக் கூடக் கேட்ட தகராறில் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்த மண் இது. நூறு கிராம் அரிசி எங்களுக்கு லேசான விஷயமாக இருந்ததில்லை.

இதைப் புரிந்துகொண்டு பேசிய ஒரு மனிதர் இருந்தார். 1928 ஜூலையில் பம்பாய் சட்டசபையில் ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதா வந்தபோது பாபாசாகேப் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அதற்கான செலவை அரசும் அவள் உழைப்பால் லாபம் பெறுகிற முதலாளியும் ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். தாய்மாருக்குப் புத்தி சொல்லுங்கள் என்று அவர் பேசவில்லை, காசும் ஓய்வும் கொடுங்கள் என்றார். 1929-ல் அது சட்டமாயிற்று. அதே 1928-ல் அதே பம்பாய்க்கு லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் வந்து சேர்ந்தார். கர்ப்பமான ஆலைத் தொழிலாளிகள் ரத்தம் செத்து மடிவது ஏன் என்று பார்க்க வந்தவர். சாப்பாட்டில் ஏதோ ஒன்று இல்லை என்று கண்டுபிடித்து, மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்தே குணப்படுத்திக் காட்டினார். அந்த ஏதோ ஒன்றுக்குப் பின்னால் வந்த பெயர் ஃபோலிக் அமிலம். இன்று உலகம் பூரா கர்ப்பிணிகள் விழுங்குகிற மாத்திரை பம்பாய்க் கூலிக்காரிகளின் ரத்தத்திலிருந்து எழுதப்பட்டது. அந்தப் பெண்களின் பேர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

லூசி வில்ஸ் 1931-ல் சென்னையிலும் வேலை செய்தார். எந்த ஆஸ்பத்திரியில் என்று கேளுங்கள். 1885-ல் தொடங்கிய, 'காஸ்ட் அண்ட் கோஷா' பெண்களுக்கான விக்டோரியா ஆஸ்பத்திரியில். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று நிற்பது அதுதான், சனங்கள் வாயில் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி. காஸ்ட் என்றால் சாதி இந்துப் பெண்கள், கோஷா என்றால் முக்காடிட்ட முஸ்லிம் பெண்கள். பிள்ளை பெறுகிற இடத்தின் பெயர்ப்பலகையிலேயே நாங்கள் கிடையாது.

மெட்ராஸ் மாகாணத்திலும் 1934-ல் பேறுகாலச் சட்டம் வந்தது. 1961-ல் மத்திய அரசின் சட்டம் வந்தது. ஆலைக்கு உண்டு, சுரங்கத்துக்கு உண்டு, தோட்டத்துக்கு உண்டு. வயலில் கூலிக்குப் போகிறவளுக்கு இல்லை. அவளுக்குக் கிடைத்தது புத்திமதி.

புத்திமதியே திட்டமானது 1980-ல். உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கியது. மாசாமாசம் குழந்தைகளை எடை போட்டு, இளைத்ததுக்கு மட்டும் சத்துருண்டை கொடுப்பது. கர்ப்பிணிகளிலும் பொறுக்கியெடுத்துக் கொடுத்தார்கள். ஊட்டக்குறைவுக்கு வறுமை மட்டும் காரணமில்லை, தாய்மாருக்கு வளர்க்கும் முறை தெரியாததும் காரணம் என்பது அதன் அடிப்படை. கையில் உருண்டையும் கொடுத்ததால் பலன் இருந்தது என்பதை மறுக்க முடியாது. எங்கள் பக்கத்தில் சத்துணவு மையம் ஊர்த்தெருவில் இருந்தது. நிறைமாசக்காரி அங்கே போய் ஓரமாக நின்று கைநீட்டி வாங்க வேண்டும். வேண்டாமென்று திரும்பி வந்தவர்களை நான் அறிவேன். அவர்களும் அறியாமைக் கணக்கில்தான் சேர்ந்தார்கள்.

மற்றவர்களைச் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன யோக்கியம்? தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தபோது, படம் போட்ட அட்டையைத் தூக்கிக்கொண்டு நானும் பாடம் நடத்தினேன். பால், நெய், ஆப்பிள், பேரீச்சம்பழம், பாதாம். ஒரு அம்மா சிரித்தே விட்டாள். "ஏம்மா படிச்ச புள்ள, இதெல்லாம் யாரு வூட்டு அடுப்படி? நம்ம வூட்டுல வேவுறது ஒண்ணுகூட இதுல காணுமே." எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வயல் நத்தை, நண்டு, கருவாடு, மாட்டுக்கறி, முருங்கைக்கீரை. மார்மைட்டுக்கும் பாதாமுக்கும் போகாமல் எங்கள் பெண்களுக்குக் கொஞ்சநஞ்ச ரத்தம் ஊறியதே அதில்தான். இரும்பும் புரதமும் அதில் இல்லையா? என் அக்காவிடம் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டபோது, முந்தின நாள் கறி தின்றதை மறைத்து, "ரசஞ்சோறு" என்றாள். மாட்டுக்கறி என்று சொல்லியிருந்தால் அட்டைமீது என்ன வசவு விழுந்திருக்குமோ. பொய்யை எழுதிக்கொண்டு அந்தப் பொய்க்கு அறிவுரை சொன்னார்கள்.

தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான பேறுகால உதவி 2006-ல் ஆறாயிரமாகவும் 2011-ல் பன்னிரண்டாயிரமாகவும் 2018-ல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களைச் சேர்த்துப் பதினெட்டாயிரமாகவும் உயர்ந்தது. நல்லது, வயல் கூலிக்காரிக்கும் உண்டு. ஆனால் முதல் இரண்டு பேற்றுக்கு மட்டும். மூன்றாவது பிள்ளைக்குப் பசிக்காது போலிருக்கிறது.

1993-ல் புனே அருகே ஆறு கிராமங்களில் தொடங்கிய ஓர் ஆய்வைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கர்ப்பத்தில் தண்ணீர் சுமப்பது, வயல்வேலை என்று உடம்பு முறிய உழைத்த பெண்களுக்குப் பிள்ளை சிறுத்துப் பிறந்தது அதில் தெரிந்தது. சோறு மட்டும் கணக்கல்ல, வேலையும் கணக்கு. 2005-06 கணக்கெடுப்பை வைத்து 2015-ல் வெளிவந்த மதிப்பீடு ஒன்று, இந்தியாவில் கருத்தரிக்கும்போதே நூற்றுக்கு 42 பெண்கள் எடை குறைந்திருந்தார்கள், கர்ப்பத்தில் ஏறுவதும் ஏழு கிலோதான் என்கிறது. ஒன்பது மாசத்துப் புத்திமதியால் இருபது வருஷத்துப் பசியை எப்படி நிரப்புவது? பெண்பிள்ளைக்குக் கடைசியாகச் சோறு போடுகிற எங்கள் வீட்டு ஆம்பிளைகளும் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்தான்.

அக்காவுக்குப் பெண் பிறந்தது. 2009-ல் அந்தப் பெண்ணும் முழுகாமல் இருந்தாள். டவுனில் குடித்தனம், துணிக்கடையில் வேலை, ரேஷன் அரிசிச் சோறு மூணு வேளை. இந்தத் தடவை எடை மிஷினில் முள் வேறு பக்கம் ஓடியது. "ஏன் இவ்ளோ ஏத்தி வச்சிருக்க? வாயக் கட்ட மாட்டியா?" என்றார்கள். 2007-லிருந்தே தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிக்கும் சர்க்கரை பார்க்கிறார்கள். குளுக்கோஸ் தண்ணி குடிக்கச் சொல்லி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சர்க்கரை இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார்கள். யாருக்கும் இல்லை. சிறுத்துப் பிறந்த பிள்ளைக்குப் பெரியவளானதும் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம் என்று தொண்ணூறுகளிலேயே எழுதிவிட்டார்கள். அவள் எத்தனை எடையில் பிறந்தாள் என்று மட்டும் அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி அக்கா தகரப்பெட்டியைத் திறந்து 1986-ன் அட்டையை எடுத்தாள். மடிப்பில் கிழிந்திருந்தது. "நீ படி, எனக்குக் கண்ணு தெரியல" என்றாள். ஒன்று புள்ளி ஒன்பது கிலோ என்று படித்தேன். "அப்ப ரெண்டுகூட இல்லியா?" என்று கேட்டாள். இருபத்திமூணு வருஷம் அவள் அதை ரெண்டரை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். படித்துச் சொல்லப் போனவள் நான்தான். அன்றைக்கு அவளிடம் என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை.