நரந்தமும் நாரத்தையும்: ஒரு கசப்புக் காயின் உணவு வரலாறு

சங்ககாலத் தமிழர் நாரத்தங்காயை உணவாகக் கொண்டனர் என்பதற்கு 'நரந்தம்' என்னும் சொல்லைச் சான்றாகக் காட்டுவது எளிது. ஆனால் பாடல்கள் அதற்கு இடம் தரவில்லை. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் நரந்தம் இடம்பெறுகிறது. உரைமரபு அதனை நாரத்தம்பூ எனக் கொள்கிறது. குறுந்தொகை 52ஆம் பாடலில் தலைவியின் கூந்தல் நரந்தம் மணக்கிறது. புறநானூறு 235இல் ஔவையாரின் தலையைத் தடவிய அதியமானின் கை நரந்தம் மணக்கிறது. புறநானூறு 132இல் கவரி மேய்வது நரந்தைப் புல். இவ்விடங்களில் சொல் குறிப்பது மணத்தை அல்லது புல்லை; காயும் இல்லை, கசப்பும் இல்லை. சங்க நூல்கள் ஊறுகாயை அறியாதவையும் அல்ல. பெரும்பாணாற்றுப்படையில் அந்தணர் இல்லத்து உணவில் மாவடு ஊறுகாய் தெளிவாகவே வருகிறது. மாவடுவைக் கூறிய புலவர் அங்கு நாரத்தையைக் கூறாமையால் அது உண்ணப்படவில்லை என முடிவுகட்ட இயலாது. உண்ணப்பட்டது என்று கூறவும் சான்று போதாது.

தாவரவியல் அடையாளமும் இங்குத் தெளிவாக இல்லை. நாரத்தை என்ற பெயரைச் சிலர் தடித்த தோலும் குறைந்த சாறும் உடைய சிட்ரஸ் மெடிக்கா இனத்திற்கும், சிலர் கசப்பு ஆரஞ்சான சிட்ரஸ் ஆரன்டியம் இனத்திற்கும் தருகின்றனர். பின்னது பம்பளிமாசும் மாண்டரினும் கலந்து தோன்றிய கலப்பினம் என்பது மரபணு ஆய்வால் உறுதியாகியுள்ளது. சிட்ரஸ் பேரினத்தின் தோற்றத்தை 2018இல் வெளிவந்த ஆய்வு இமயத்தின் தென்கிழக்கு அடிவாரப் பகுதியில் வைக்கிறது. எனவே சொல் திராவிடச் சொல் என்று நிறுவப்பட்டாலும், மரம் தென்னகத்திலேயே தோன்றியது என்பது அதிலிருந்து பெறப்படாது.

அடையாளம் காண்பதில் நூல்கள் தடுமாறும் இடத்தில் அடுக்களை வழக்கு ஓரளவு உதவுகிறது. முள் நிறைந்த மரத்திலிருந்து பறித்த காயைத் துண்டாக்காமல் சுருளாக அரிந்து, உள்ளே உப்பை அடைத்துச் சாடியில் இடுவர். சில நாள் ஊறியபின் பகலில் வெயிலில் உலர்த்தி, இரவில் மீண்டும் அதே உப்புநீரில் போடுவர். நீர் முழுவதும் வற்றும்வரை இது தொடரும். காய் கறுத்து இறுகி, மேலே உப்புப் பூக்கும். பின் ஆண்டுக்கணக்கில் கெடாது. இங்கு உணவாவது சாறு மட்டுமன்று, தோலும் அதன் வெண்சதையுமே. கசப்பு நீக்கப்படுவதில்லை, உப்பாலும் வெயிலாலும் தணிக்கப்படுகிறது. தயிர்ச்சோற்றுக்கும், காய்ச்சலில் வாய் கசந்தவரின் கஞ்சிக்கும் இதுவே துணை. பித்தத்திற்கும் குமட்டலுக்கும் கொடுப்பது வீட்டு வைத்திய வழக்கு. இலையும் வீணாவதில்லை. நரம்பு நீக்கிய நாரத்தை, எலுமிச்சை இலைகளை மிளகாய், ஓமம், பெருங்காயம், உப்புடன் இடித்து உருட்டுவதே வேப்பிலைக்கட்டி. பெயரில் வேம்பு உண்டு, பண்டத்தில் இல்லை. பெயரை மட்டும் கொண்டு உணவு வரலாறு எழுதுவோர்க்கு இதனினும் நல்ல எச்சரிக்கை கிடைப்பது அரிது.

சொல்லின் பயணம் வேறொன்றைக் காட்டுகிறது. வடமொழி 'நாரங்க', பாரசீக 'நாரங்', அரபு 'நாரஞ்ச்' என மேற்கே சென்ற சொல், ஐரோப்பாவை அடைந்தபோது கசப்புக் கனியையே குறித்தது. இனிப்பு ஆரஞ்சு அங்குப் பரவியதும் பெயர் அதனிடம் சென்றது. பழைய கனி 'கசப்பு', 'செவில்' என்னும் அடைமொழிகளுடன் சர்க்கரைப் பாகில் காய்ச்சும் மார்மலேடுக்கு உரியதாயிற்று. அரபியிலோ இனிப்புக் கனி போர்த்துகலின் பெயரால் 'புர்துகால்' எனப்பட்டது; 'நாரஞ்ச்' கசப்புக் கனிக்கே நின்றது. தமிழின் நிலை அரபியை ஒத்தது. கிச்சிலி, கமலா, ஆரஞ்சு என இனிப்புக் கனிக்கு வேறு பெயர்கள் வழங்க, நாரத்தை என்ற பெயர் கசப்புக் காயை விட்டு நீங்கவில்லை. அப்பெயரை அதனிடம் நிறுத்தியதில் உப்புச் சாடிக்குப் பங்கு இருந்திருக்க வேண்டும். உண்ணப்படாத காயாக இருந்திருப்பின் பெயர் இனிப்பிடம் சென்றிருக்கக்கூடும். கசப்பு ஆரஞ்சின் தோலிலிருந்து பெறப்படும் கசப்புப் பொருளுக்கு வேதியியலார் வழங்கும் 'நாரிஞ்சின்' என்ற பெயரும் அதே சொல்வழியில் வந்ததே.