கடனும் உழைப்பும்: ஸ்பானியர் வருகைக்கு முந்தைய பிலிப்பைன்ஸ் மக்களின் பொருளியல் வாழ்வு

முன்னுரை

1565-இல் லெகாஸ்பியின் தலைமையில் ஸ்பானியர் செபுத் தீவில் குடியேறியபோது, பிலிப்பைன்ஸ் தீவுகள் முழுவதையும் ஆண்ட ஓர் அரசு அங்கு இருக்கவில்லை. இதனைக் கொண்டு, காலனியக் கால எழுத்துகள் பலவும் அம்மக்களைப் பொருளியல் வளர்ச்சியற்றவராகச் சித்திரித்தன. ஹோசே ரிசால், மோர்காவின் 1609-ஆம் ஆண்டு நூலுக்கு 1890-இல் குறிப்புரை எழுதி இக்கருத்தை மறுத்தார். எனினும், பண்டைய வளத்தைப் போற்றுவதோடு ஆய்வு நின்றுவிட இயலாது. அவ்வளம் எவர் உழைப்பால் திரண்டது என்பதும் வினாவாகிறது. நிலத்தைவிட மனித உழைப்பே அரிதாக இருந்த அச்சமூகத்தில், உழைப்பைத் தலைவரோடு பிணைத்த முதன்மையான வழிகளுள் ஒன்று கடன் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வேளாண்மையும் குடியிருப்பும்

மக்கள் ‘பரங்காய்’ எனும் சிற்றூர்க் குழுக்களாக வாழ்ந்தனர். படகைக் குறிக்கும் சொல்லே குழுவின் பெயராயிற்று. ஒரு தலைவரின் கீழ் நூறு வீடுகள் வரையிலும், சில இடங்களில் முப்பதுக்கும் குறைவாகவும் இருந்தன என்று, தகாலோகு மக்களின் வழக்கங்களை 1589-இல் தொகுத்த பாதிரியார் பிளாசென்சியா குறிப்பிடுகிறார். நீர்பாயும் வயல்கள் குடும்பங்களுக்கு உரியனவாகவும், மலைச்சரிவுகள் பொதுவாகவும் இருந்தன. சரிவுகளில் காட்டை எரித்துப் பயிரிடும் ‘கைஙின்’ முறை நிலவியது. நெல்லோடு சேம்பு, வள்ளிக்கிழங்கு, தினை ஆகியவையும் மீனும் உணவாயின. நிலம் பரந்து கிடந்தமையால், தலைவரின் செல்வம் அவரைச் சார்ந்த ஆட்களின் எண்ணிக்கையாலேயே அளக்கப்பட்டது.

கடல் வணிகம்

982-இல் மா-யி நாட்டு வணிகர் சரக்குகளுடன் காண்டன் துறைமுகம் சென்றதாகச் சீனப் பதிவுகள் கூறுகின்றன. 1001-இல் பூத்துவானின் தூதுக்குழு சோங் அரசவையை அடைந்தது. சாவ் ருகுவா 1225-இல் எழுதிய நூலின்படி, மா-யி மக்கள் சீனக் கப்பல்களிலிருந்து பீங்கான், இரும்பு, கண்ணாடி மணி முதலியவற்றைக் கடனாகப் பெற்று, பிற தீவுகளுக்குக் கொண்டுசென்று விற்றனர். எட்டு அல்லது ஒன்பது மாதங்களுக்குப் பின் திரும்பி, தேன்மெழுகு, பருத்தி, முத்து, ஆமையோடு ஆகியவற்றால் கணக்கைத் தீர்த்தனர். இங்குக் கடன் நம்பிக்கையின் வடிவமாக விளங்கியது.

கடனும் அடிமைநிலையும்

அதே கடன் ஊருக்குள் வேறு முகம் காட்டியது. 1989-இல் லும்பாங் ஆற்று முகத்துவாரத்தருகே கிடைத்த லகுனா செப்பேடு, சக ஆண்டு 822-ஐ, அதாவது கி.பி. 900-ஐச் சார்ந்தது. பல்லவ எழுத்திலிருந்து கிளைத்த காவி எழுத்தில் அது பொறிக்கப்பட்டுள்ளது. நம்வரன் என்பவர் பட்டிருந்த ஒரு காட்டி, எட்டு சுவர்ணப் பொன் கடன் தீர்ந்ததென அவருடைய மக்களுக்கு அளிக்கப்பட்ட சான்று அது. பெற்றோர் கடன் பிள்ளைகளையும் பற்றியது என்பதற்கு இதுவே தக்க சான்று.

ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்ட பிளாசென்சியாவின் பதிவை அச்செப்பேட்டுக் காலத்திற்கு அப்படியே பொருத்துதல் முறையன்று. ஆயினும் அது ஒத்த போக்கைக் காட்டுகிறது. ‘அலிப்பின்’ எனப்பட்டோருள் ‘நமமகாய்’ பிரிவினர் தனி வீடும் உடைமையும் கொண்டு, விளைச்சலில் பாதியையும் பணியையும் தலைவருக்கு அளித்தனர். ‘சகிகிலிது’ பிரிவினர் தலைவர் வீட்டிலேயே பணிபுரிந்தனர், விற்கப்படவும் கூடியவர். பெற்றோருள் ஒருவர் அடிமையாயின் பிள்ளைகள் பங்கிடப்பட்டனர். ஒரே பிள்ளையாயின் அப்பிள்ளை பாதி அடிமையாகக் கருதப்பட்டது. போர், தண்டனை ஆகியவற்றோடு கடனும் இந்நிலைக்கு வழியாயிற்று.

முடிவுரை

பண்டைய பிலிப்பைன்ஸ் மக்கள் பின்தங்கியவரும் அல்லர். ஏற்றத்தாழ்வற்ற பொற்காலத்தில் வாழ்ந்தவரும் அல்லர். கடல்கடந்த வணிகத்தில் நேர்மையைக் காத்த கடன், ஊருக்குள் உழைப்பைக் கட்டியது. பின்னர் ஸ்பானியர் பரங்காய்த் தலைவர்களைக் கொண்டே வரியும் கட்டாய உழைப்பும் பெற்றமைக்கு இவ்வமைப்பு களமாயிற்று. கடன் தீரவில்லை என எதிர்காலத்தில் எவரேனும் உரைக்கலாம் என்ற எச்சரிக்கையும் லகுனா செப்பேட்டில் உள்ளது. விடுதலையைச் செம்பில் பொறித்துக் காக்க வேண்டியிருந்தது என்பதே அச்சமூகத்தில் கடன் பெற்றிருந்த வலிமையை உணர்த்துகிறது.