ஸ்பானிய நிபந்தனை வினை வடிவம்

ஸ்பானிய மொழியில் ஒரு செயல் வேறொன்றைச் சார்ந்து நிகழக்கூடியது என்பதைச் சுட்டும் வினை வடிவம். லத்தீன் வினையின் மூல வடிவத்தோடு ‘உடைமை’ப் பொருள் கொண்ட ஹபேரே என்னும் துணைவினையின் இறந்தகால வடிவம் இணைந்து இது உருவானது.

அமைப்பு: ஒழுங்கான வினைகளில், அகராதியில் காணும் மூல வடிவத்தில் எதையும் நீக்காமல் ஈயா, ஈயாஸ், ஈயா, ஈயாமோஸ், ஈயாய்ஸ், ஈயான் என்னும் 6 விகுதிகளைச் சேர்க்க வேண்டும். ஆர், ஏர், ஈர் என முடியும் மூவகை வினைகளுக்கும் இவையே பொது: ஆப்லார் (பேசு) – ஆப்லரீயா, கொமேர் (உண்) – கொமெரீயா, பிபிர் (வாழ்) – பிபிரீயா. எல்லா விகுதிகளிலும் ‘ஈ’ ஒலியே அழுத்தம் பெறும். எழுத்திலும் அதற்கு அழுத்தக்குறி உண்டு. தன்மை ஒருமையும் படர்க்கை ஒருமையும் ஒத்திருப்பதால், ஐயம் எழுமிடத்தில் எழுவாய் வெளிப்படையாக வரும்.

பயன்பாடு: கற்பனைச் சூழல் (‘சி தூபியேரா தினேரோ, பியாஹரீயா’ – பணம் இருந்தால் பயணம் போவேன்), பணிவான விருப்பம் (‘மே குஸ்தரீயா’), கடந்தகாலத்திலிருந்து நோக்கிய எதிர்காலம், கடந்தகாலம் பற்றிய ஊகம். ‘சி’ (ஆல்/என்றால்) எனத் தொடங்கும் நிபந்தனைத் தொடரில் செந்நெறி வழக்கு இவ்வடிவத்தை ஏற்பதில்லை. அத்தகைய வாக்கியத்தில் முடிவுத் தொடரில் மட்டுமே இது வரும்.

ஆந்த்ரேஸ் பெய்யோ 1847இல் வெளியிட்ட இலக்கண நூலில் இதற்குப் ‘போஸ்ப்ரெதேரித்தோ’ எனப் பெயரிட்டார்.