தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் தமிழ்நாட்டில் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. அந்தப் பழைய மருந்தில் கிருமியைவிட மூளைச் சதைதான் அதிகம். கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-இல் வகுத்த முறை இது: வெறிநோய்க் கிருமியை விலங்கின் மூளையில் வளர்த்து, அதை அரைத்து, ஃபீனாலால் கிருமியைக் கொன்று, அந்தக் கலவையையே உடலில் ஏற்றுவது. நம் நாட்டில் அந்த மூளை பெரும்பாலும் ஆட்டுடையது. அமெரிக்கர் ஹென்றி ஃபிப்ஸின் கொடையில் 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் பல பத்தாண்டுகள் இதைத் தயாரித்தது. ஒரு வேளைக்கு 5 மில்லிவரை போக வேண்டியிருந்தது. கைச்சதையில் அவ்வளவு கொள்ளாது, ஆகவே வயிறு. கிருமிக்கு வண்டியாக வந்த மூளையை யாரும் மருந்தாக எண்ணவில்லை. ஆனால் உடல் அதையும் படித்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஒரு சிலருக்கு, ஓரிரு வாரம் கழித்துக் கால் விழுந்தது, மூளை வீங்கியது, சிலர் இறந்தும்போனார்கள். நரம்பைப் போர்த்தியிருக்கும் மையலின் உறைக்கு எதிராகவே நோயெதிர்ப்புச் செல்கள் கிளம்பியிருந்தன.

மையலினின் உலர் எடையில் முக்கால் பங்கு கொழுப்பு என்றாலும், செல்களைத் தூண்டுவது அதிலுள்ள புரதம்தானே, சுமந்து வந்ததன்மேல் ஏன் பழி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1930-களில் தாமஸ் ரிவர்ஸ் குரங்குகளுக்கு டஜன் கணக்கில் மூளைக் கரைசலை ஏற்றித்தான் இந்நோயை வரவழைக்க முடிந்தது. அடுத்த பத்தாண்டில் அதே மூளையைக் கனிம எண்ணெயில் குழம்பாக்கி, செத்த காசநோய்க் கிருமியும் சேர்த்த ஃபிராயிண்ட் கலவையில் கொடுத்தபோது சில ஊசிகளிலேயே நோய் வந்தது. புரதம் மாறவில்லை, சுமந்து வந்தது மாறியது: எண்ணெய் சரக்கைத் தேக்கி வைத்தது, கிருமிக் கூறுகள் அபாயச் சைகை கொடுத்தன. 2020 டிசம்பரில் பிரிட்டனில் கொழுப்புத் துகளில் பொதிந்த ஆர்.என்.ஏ. தடுப்பூசி போட்ட முதல் நாளிலேயே இருவருக்குக் கடும் ஒவ்வாமை வந்தபோதும், சந்தேகம் ஆர்.என்.ஏ.மேல் அல்ல, துகளின் மேற்பூச்சான பாலிஎத்திலீன் கிளைக்கால்மேல்தான் முதலில் விழுந்தது. இரண்டும் ஒரே நோய் அல்ல. குன்னூர் ஊசியின் கேடு வாரங்களில் டி-செல்கள் செய்தது. இது நிமிடங்களில் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுவது. இரண்டிலும் பொதுவானது, சுமப்பதைச் செயலற்றதாகக் கருதிய கணக்கு.

இன்னொரு வாதம் கனமானது. வெறிநோய் முற்றினால் சாவு உறுதி. ஒரு சிலருக்கு வரும் முடக்கத்துக்காக ஏழைக்குக் கிடைத்த ஒரே மருந்தை நிறுத்துவதா? 1911-இல் இதற்கு மறுப்பில்லை. 1955-இல் சிலியில் மையலின் குறைந்த பச்சிளம் சுண்டெலி மூளையில் மருந்து செய்தார்கள். 1970-களில் செல் வளர்ப்பு ஊசியும் வந்தது. அதன்பின் மிஞ்சியது விலை மட்டும். உலக சுகாதார நிறுவனம் கைவிடச் சொன்ன பிறகும் இந்தியா 2004 இறுதிவரை ஆட்டு மூளையை விடவில்லை. செல் வளர்ப்பு ஊசியும் விலை இறங்காத பொருள் அல்ல. தோலுக்குள் ஒரு இடத்துக்கு 0.1 மில்லி போட்டாலே போதும் என்பதைத் தாய்லாந்து முன்பே காட்டியிருந்தது. 2006-இல் இந்தியாவும் அதை ஏற்றது. தசையைவிடத் தோலில் எதிர்ப்புச் செல்கள் நெருக்கமாக இருப்பதால், மிகச் சிறிய அளவே அங்கு எடுபடுகிறது.