பாடி கட்டியது நாமக்கல்... பாடியை ஆட்டுவிப்பது யார்?

மழையே இல்லாத மத்தியானத்தில் ஒரு லாரியின் வைப்பர் தானாக ஆட ஆரம்பிக்கிறது. சாவியை எடுத்த பிறகும் பார்க்கிங் லைட் அணைய மாட்டேன் என்கிறது. மறுநாள் காலையில் பார்த்தால் பேட்டரி காலி. முப்பது வருஷத்துக்கு முன்னால் இதற்குப் பெயர் "வயரிங்ல ஷார்ட்". இன்றைக்கு இதற்குப் பெயர் "பிசிஎம் போயிடுச்சு".

பிசிஎம் என்றால் பாடி கன்ட்ரோல் மாட்யூல். இஞ்சினைக் கவனிக்கிற கம்ப்யூட்டர் வேறு, இது வேறு. லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், கேபின் விளக்கு, கதவுப் பூட்டு போன்ற சில்லறை வேலைகளை எல்லாம் பார்க்கும் பெட்டி இது. பழைய வண்டியில் சுவிட்சைப் போட்டால் கரன்ட் நேராகவோ ஒரு ரிலே வழியாகவோ பல்புக்குப் போகும். இந்த வண்டியில் சுவிட்ச் வெறும் தகவல்தான் சொல்லும். "எரியலாமா, வேண்டாமா" என்று முடிவு செய்து கரன்ட் கொடுப்பது பெட்டி. அமெரிக்காவில் ட்ரக் என்றால் பெரும்பாலும் பிக்கப் வண்டி, நமக்கு லாரி. ஆனால் பெட்டி படுத்தும் பாடு இரண்டு ஊரிலும் ஒன்றுதான் :-)

இதன் கதையைச் சொல்ல வேண்டுமானால் எண்ணூரிலிருந்து தொடங்க வேண்டும். 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைத்தான் பூட்டியது. 1955-ல் பிரிட்டனின் லேலண்ட் பங்கு எடுத்த பிறகு அது அசோக் லேலண்ட் ஆனது. அதற்கு முந்தைய வருஷம், 1954-ல், டெல்கோ டெய்ம்லர்-பென்ஸுடன் கைகோத்து லாரி செய்ய வந்தது. 1961-ல் பாடியில் (இது சென்னைப் பாடி, லாரி பாடி அல்ல!) லூகாஸ்-டிவிஎஸ் வந்தது. டைனமோ, செல்ஃப் மோட்டார், வைப்பர் மோட்டார் எல்லாம் இங்கேயே கிடைக்க ஆரம்பித்தன.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று. கம்பெனி அந்தக் காலத்தில் முழு லாரியை விற்கவில்லை. விற்றது சேஸிஸ் மட்டும்தான். இஞ்சின், சக்கரம், ஸ்டீரிங், முன்னால் ஒரு தகட்டு மூக்கு... அவ்வளவுதான். கதவும் கிடையாது, கூரையும் கிடையாது. டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலிலும் காற்றிலும் நாமக்கல்லுக்கோ சங்ககிரிக்கோ திருச்செங்கோட்டுக்கோ ஓட்டி வருவார். அங்கே பட்டறையில் தச்சர் கேபின் கட்டுவார், கொல்லர் தகடு அடிப்பார், பெயின்டர் மயிலும் தாமரையும் வரைவார். கடைசியில் எலெக்ட்ரீஷியன் வந்து பின் லைட், சைடு லைட், கேபின் லைட் என்று வயர் இழுப்பார். அவர் கையில் இருந்த ஆயுதங்கள் ஒரு கட்டிங் பிளையர், ஒரு கத்தி, கொஞ்சம் டேப், ஒரு டெஸ்ட் லேம்ப். பல்பு எரிந்தால் கரன்ட் வருகிறது, எரியாவிட்டால் வரவில்லை. பாலிடெக்னிக் போகாதவர்கள்கூட உதவியாளாகச் சேர்ந்து நாலைந்து வருஷத்தில் தொழில் கற்றுக்கொண்டு தனிக்கடை போட்ட துறை இது.

அதாவது, லாரியின் பாடியும் நாமக்கல்காரருடையது, பாடியின் கன்ட்ரோலும் நாமக்கல்காரருடையது.

இது கை மாற ஆரம்பித்த இடம் ஜெர்மனி. வண்டிக்குள் மின்சாதனங்கள் பெருகப் பெருக செம்பு வயர் கட்டு தடித்துக்கொண்டே போனது. எடையும் கூடியது, செலவும் கூடியது. பாஷ் கம்பெனி 1983-ல் ஒரு யோசனையில் இறங்கியது. ஒவ்வொரு வேலைக்கும் தனி வயர் எதற்கு? முறுக்கிய இரண்டே வயரில் எல்லாப் பெட்டிகளும் மாறி மாறிப் பேசிக்கொண்டால் போதாதா? அதுதான் கேன் பஸ். (ஓடுகிற பஸ் இல்லை.) 1986-ல் டெட்ராய்ட்டில் அறிமுகமானது, 1991-ல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் ஏறியது, பிறகு லாரிகளுக்கும் வந்தது.

நம்மூர் லாரிகளுக்கு அது மெதுவாகத்தான் வந்தது. 2012-ல் ஒரகடத்தில் டெய்ம்லர் ஆலை திறந்தது. 2015 வாக்கில் கனரக வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது. உண்மையான திருப்பம் 2017. அந்த வருஷம் மார்ச் 29-ம் தேதி, பிஎஸ்-3 வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பெனிகள் கையில் அப்போது விற்காமல் இருந்தவை சுமார் 8.24 லட்சம் வண்டிகள். அதில் வணிக வண்டிகள் மட்டும் 96 ஆயிரத்துக்கு மேல். அடுத்த இரண்டு நாள் தள்ளுபடித் திருவிழா பலருக்கு ஞாபகம் இருக்கும்.

பிஎஸ்-4 வந்ததும் சென்சார், கண்ட்ரோல் பெட்டி எல்லாம் லாரிக்குள் பெருகின. அசோக் லேலண்ட் மட்டும் அப்போது புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தது. மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான இன்லைன் பம்ப்பை விடாமல், அதோடு இஜிஆர் முறையைச் சேர்த்து பிஎஸ்-4 லாரிகளை இறக்கியது. ரோட்டோரப் பட்டறையிலும் பார்க்கக்கூடிய வண்டி என்பதே அதன் பலம். ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தது. அந்த வழியும் அடைந்துபோனது.

இப்போது வெள்ளிமலைக்கு வருவோம். கல்வராயன் மலையின் நடுநாயகமான ஊர். இந்த மலை நெடுங்காலம் ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகும் சாலைக்கான ஏக்கம் தீரவில்லை. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் இம்மக்களின் நிலையைத் தானாகவே வழக்காக எடுத்தது. இங்கே விளையும் மரவள்ளி லாரி ஏறி சின்னசேலம், ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போக வேண்டும். கிழங்கைப் பிடுங்கிவிட்டால் பிறகு கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்து, மாவுச்சத்து குறைந்து, விலையும் இறங்கிவிடும்.

நீண்ட தூர ரூட்டில் ஓடித் தேய்ந்த வண்டிகள் வயதான பிறகு இப்படிக் குறுகிய தூர லோடுகளுக்கு இறங்குவதுதான் லாரித் தொழிலின் வழக்கம். ஆகவே 2017-ல் புதுசாக மினுக்கிய வண்டி இன்று இரண்டாம் மூன்றாம் கை மாறி மலையேறும் வயதில் இருக்கிறது. பெட்டிகள் மக்கர் செய்கிற வயதும் அதுவேதான். வளைவு நிறைந்த பாதையில் இருட்டிய பிறகு ஹெட்லைட் அணைந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பெட்டியைக் கெடுப்பது பெரும்பாலும் மாயம் மந்திரம் இல்லை. கண்ணாடி ஓரம் ஒழுகும் தண்ணீர் கப்ளரில் இறங்கிப் பச்சை பூக்கும். எர்த் வயரின் போல்ட் துருப்பிடிக்கும். கலர் கலராய் சீரியல் லைட்டும் மியூசிக் ஹாரனும் மாட்டினால் பெட்டி தாங்கும் கரன்ட் மீறிப்போகும். பேட்டரி வயரைக் கழற்றாமல் சேஸிஸில் வெல்டிங் வைத்தாலும் போச்சு. இன்னொன்றும் உண்டு, கொஞ்சம் கொடுமையானது. பழைய எலெக்ட்ரீஷியனின் டெஸ்ட் லேம்ப் இருக்கிறதே, அது இழுக்கும் கரன்ட்டையே சில மெல்லிய சிக்னல் வயர்கள் தாங்காது. ஐம்பது வருஷம் சோறு போட்ட கருவியே பெட்டியைக் கொல்லும்.

அதனால் அனுபவசாலிகள் பெட்டியைக் கடைசியில்தான் சந்தேகப்படுவார்கள். முதலில் பேட்டரி வோல்டேஜ், பிறகு ஃப்யூஸ், எர்த், கப்ளர். எல்லாம் சரி, பெட்டிதான் தவறு என்றான பிறகு கழற்றி மாட்டுவது சின்ன வேலை. பேட்டரியைத் துண்டித்து, பார்ட் நம்பர் பார்த்து, நாலு ஸ்க்ரூவும் சில கப்ளர்களும் மாற்றினால் முடிந்தது. முடியாதது அதற்கு அடுத்த கட்டம். அந்த வண்டியில் என்னென்ன வசதி உண்டு, சேஸிஸ் நம்பர் என்ன என்பதைப் புதுப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்குக் கம்பெனி சாஃப்ட்வேர் வேண்டும், அதைத் திறக்கும் அனுமதியும் வேண்டும். புதுப்பேட்டையில் பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அது இன்னும் பழைய வண்டியின் ஞாபகத்திலேயே இருக்கும். மலையிலிருந்து வண்டியைக் கச்சிராயபாளையம் வழியாகக் கீழே கட்டி இழுத்து வர வேண்டும், அல்லது லேப்டாப்புடன் ஆள் மேலே போக வேண்டும்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும். வண்டி நின்றால் டீசல் செலவு நிற்கும். ஆனால் டியூ நிற்காது, இன்ஷூரன்ஸ் நிற்காது, வரி நிற்காது. பெட்டியின் விலையைவிடக் காத்திருக்கும் நாள்களின் விலை அதிகமாகிவிடும். ஒரே கடையில்தான் திறக்க முடியும் என்றால் அந்தக் கடை சொல்வதுதான் விலை.

இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு ரூ. 2,544.65 கோடி அபராதம் விதித்தது இந்தக் காரணத்துக்காகத்தான். உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கொடுக்காமல் சந்தையை அடைத்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு மேல்முறையீடுகளில் ஏறி இறங்கியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லேயே மக்கள் ஓட்டுப் போட்டு வாகனப் பழுது உரிமைச் சட்டம் வாங்கிவிட்டார்கள். நமக்கு 2022-ல் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், வாகனம் என்று நான்கு துறைகளைப் பட்டியலிட்டு, டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தது. சட்டம் வரவில்லை.

பட்டறைக்காரர்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. மல்டிமீட்டர் வாங்கினார்கள், பிறகு பல கம்பெனி வண்டிகளுக்கும் பொருந்தும் ஸ்கேனர் வாங்கினார்கள். பெட்டியைத் திறந்து போர்டில் கருகிய பாகத்தை மட்டும் மாற்றிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பெட்டியின் ஞாபகம் அழியாது, அதனால் கம்பெனி அனுமதிக்கும் வேலை இல்லை. மலை வண்டிக்கு இதுதான் பல சமயம் கட்டுப்படியாகிற வழி.

2025 மே மாதம், பொருள்களுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண் கொடுப்பது பற்றி ஒரு குழு மத்திய அரசிடம் அறிக்கை கொடுத்தது. ஸ்மார்ட்போனிலும் டேப்லெட்டிலும் தொடங்கலாம் என்றது. லாரிக்கு இன்னும் முறை வரவில்லை.